நட்சத்திரக் குறியிட்ட கேள்வி, பதினாலாவது

காங்கயத்தில் தேங்காய்க் களத்துக்கு மேலே
மாடியில் எங்கள் ஆபீஸ்.
கொப்பரை காயும் மாதங்களில்
தட்டெழுத்துப் பலகைகூட எண்ணெய் மணக்கும்.
எம்.பி. துளசிமணி எதிர்க்கட்சி வரிசையில்
எழுந்து கேட்பது எல்லாம்
இங்கே நான் அடித்துக் கொடுப்பதுதான்.

இந்தக் கேள்வி மஞ்சள் பையில் வந்தது.
முத்தூர்ப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி
சிந்தாமணி கொண்டுவந்தாள்.
நாயக் சென்னியப்பன். எல்லை முகாம். ராக்காவல்.
தன் துப்பாக்கியாலேயே சுட்டுக்கொண்டானாம்.
விசாரணை முடிந்ததாம்,
அறிக்கை ரகசியமாம்.
தீர்ப்பாயத்தில் நாலு வருஷத்தில் பதினேழு வாய்தா,
அதில் பதினொன்றுக்கு நாற்காலியில் ஆளில்லை.

"தானே சுட்டுக்கிட்டாருன்னா
ஏனுங், குண்டு முதுகுல பாஞ்சிருக்குது?"

தனிநபர் விவகாரம் கேட்கலாகாது என்பது விதி.
சென்னியப்பனை எடுத்துவிட்டு
'படைவீரர்கள்' என்று போட்டேன்.
யூகத்துக்கு இடம்தரும் சொல் ஆகாது என்பதும் விதி.
முதுகை எடுத்தேன்.
ஒரு கேள்விக்கு ஒரு அமைச்சர்தான் என்பதால்
ஒரே சாவை இரண்டாகக் கிழித்து
பாதுகாப்புக்கு ஒரு தாள்,
நீதிக்கு ஒரு தாள்.

குலுக்கலில் பாதுகாப்புத் தாள் பதினாலாவது.
நீதித் தாளுக்கு நட்சத்திரமே இல்லை.
பதினாலு என்றால் கடைமடை.
முறைத்தண்ணி திறந்த சேதி கேட்டு
மம்பட்டியோடு வாய்க்காலில் நிற்பவனுக்குத் தெரியும்
மேல்மடைக்காரன் வயிறு நிறைகிற விதம்.

அன்றைக்கு என்னவோ
மேல்மடையில் ஆளே வரவில்லை.
ஏழாம் எண் உறுப்பினர் இல்லை, எட்டும் இல்லை,
பத்து கத்தலில் போயிற்று.
பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு
அவைத்தலைவர் கூப்பிட்டார்.
செல்போனை அரிசிமூட்டையில் சாய்த்துவைத்திருந்தோம்.
களத்து ஆட்கள் படிக்கட்டில்.
சிந்தாமணி நின்றபடியே இருந்தாள்,
யார் சொல்லியும் உட்காரவில்லை.

துளசிமணி என் தாளைத் தொடவேயில்லை.
"அமைச்சருங்,
தானே சுட்டுக்கிட்டவன் முதுகுல
குண்டு எப்புடீங் போகும்?
காவலுக்கு நின்னவனை யாருங் காவந்து பண்ணோணும்?"

கண்ணாடிக் கூண்டுக்குள் மொழிபெயர்ப்பாளர்
ஒரு நொடி வாயடைத்துப் போயிருப்பார்.
பிறகு எல்லாம் சொன்னார், அந்த 'ங்'கைத் தவிர.
காதுக்கருவியில் அமைச்சருக்குக் கேட்டது அதட்டல்.
எங்களுக்குத் தெரியும்
அது அதட்டலைவிட மோசமானது.
எங்க ஊரில் ஒருவனை முடித்துக்கட்டும்போது
மரியாதை குறையாமல்தான் முடித்துக்கட்டுவோம்.

அமைச்சர் எழுந்தார்.
வீரர்களின் தியாகத்தை வணங்கினார்.
தேச நலன் கருதி என்றார்.
தாமதம் பற்றிய பகுதி
சட்டத்துறையைச் சேர்ந்தது என்றார்.
துணைக்கேள்விக்குத் துளசிமணி கை தூக்கவும்
மணி பன்னிரண்டு.

சட்டத்துறையின் பதில் அச்சில் வந்தது, ஒன்றரை வரி.
தகவல் திரட்டப்பட்டு வருகிறது,
அவையின் மேசை மீது வைக்கப்படும்.
படித்துக் காட்டினேன்.
"அந்த மேசை எங்கீங் இருக்குது?"
எனக்கு வாய் வரவில்லை.
அவளே சொன்னாள்,
"போயி எடுத்துக்கிட்டு வந்தர்றனுங்."

கடைசி பஸ் மூணு மணிக்கு என்று பையை மடித்தாள்.
பதினெட்டாவது வாய்தா ஆடி கழித்து.

சாயங்காலம் டெல்லியிலிருந்து போன்.
துளசிமணியின் குரல் கட்டிப்போயிருந்தது.
"அடுத்த கூட்டத்தொடருக்கு
முதுகை எப்புடியாச்சும் தாளுக்குள்ள
கொண்டாந்து போடோணும் கண்ணு."

விதிப்புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு
முதுகுக்கு வேறொரு சொல் தேடுகிறேன்.
கீழே களத்தில்
மேகம் கூடுமுன் ஒரு வெயில் காட்டிவிடலாமென்று
கொப்பரையைப் புரட்டிப் போடுகிறார்கள்,
வயிறு காய்ந்ததையெல்லாம் குப்புற.